அக்காவின் பக்கமும் என் இணையதளமும்

நான் பிழைப்புக்கு ஃப்ளெக்ஸ் பேனர் வடிவமைக்கிறவன். கடலூரில் ஒரு அச்சகத்தில் கணினி முன்னால் உட்கார்ந்து பிறந்தநாள், காதுகுத்து, கடைத் திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று எல்லாவற்றுக்கும் பேனர் போடுகிறேன். இடையில் கல்யாணப் பத்திரிகையும் உண்டு. பஸ்ஸில் போகிறவன் கழுத்தைத் திருப்பிப் பார்க்க வேண்டும், அதுதான் என் தொழில். மஞ்சள் பின்னணியில் சிவப்பு எழுத்து போட்டால் யார் கண்ணும் தப்பாது. கண்ணீர் அஞ்சலிக்கு மட்டும் கொஞ்சம் அடக்கி வாசிப்போம். மனிதர்களின் கண்ணைப் பிடித்து இழுப்பது எப்படி என்று எனக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியதில்லை. அப்படிப்பட்ட நானே ஒரு நாள் பஸ்ஸில் ஏமாந்தேன்.

சிதம்பரத்தில் ஒன்றுவிட்ட தங்கைக்குக் கல்யாணம். மனைவியும் பிள்ளைகளும் முதல் நாளே போய்விட்டார்கள். எனக்கு வேலை இருந்ததால் மறுநாள் காலையில் காட்டுமன்னார்கோயில் பஸ்ஸில் ஏறினேன். அது சிதம்பரம் வழியாகத்தான் போகும். கடலூர் முதுநகர் தாண்டியதும் போனை எடுத்தேன். ஒரே ஒரு வீடியோ பார்த்துவிட்டு வைத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். ஒருவர் பரோட்டாவுக்கு மாவு வீசினார். இன்னொருவர் கிணற்றிலிருந்து பாம்பு எடுத்தார். வெளிநாட்டில் யாரோ ஒருவர் அழுக்கேறிய கம்பளத்தைத் துவைத்தார். கடைசிச் சொட்டு அழுக்குத் தண்ணீர் வடியும்வரை அதைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் கம்பளமே கிடையாது. தலை நிமிர்ந்தபோது பஸ் நின்றிருந்தது, உள்ளே நான் மட்டும் இருந்தேன்.

“எறங்குங்க சார், கடைசி ஸ்டாப்பு” என்றார் கண்டக்டர்.

“சிதம்பரம் வந்துடுச்சா?”

“சிதம்பரமா? இது காட்டுமன்னார்கோயில் சார். சிதம்பரத்துல தொண்ட கிழியக் கத்தினேன். நீங்க போனப் பாத்து சிரிச்சிக்கிட்டு இருந்தீங்க.”

திரும்பி மண்டபத்துக்குப் போய்ச் சேர்ந்தபோது தாலி கட்டி முடிந்து, கடைசிப் பந்தியில் ரசம் மட்டும் ஓடிக்கொண்டிருந்தது. இரண்டு நாளைக்கு மனைவி என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை.

அந்தக் கோபத்தில் தொடங்கியதுதான் என் இணையதளம். கோபம் முதலில் என் மேல்தான் இருந்தது. ஒரு வாரத்தில் அதை அந்தச் செயலிகளைச் செய்கிற நிறுவனங்கள் மேல் திருப்பிவிட்டேன், அது சௌகரியமாக இருந்தது. ஒரு வீடியோ முடிந்ததும் அடுத்தது ஏன் தானாக ஓடுகிறது, அந்தச் சிவப்புப் புள்ளி ஏன் சிவப்பாக இருக்கிறது, கீழே தள்ளத் தள்ள ஏன் அடி வருவதே இல்லை என்று ஒவ்வொன்றாகத் தமிழில் எழுதினேன். விளம்பரம் கிடையாது. யாரிடமும் நன்கொடை கேட்பது கிடையாது. பார்க்க வருகிறவர்களின் பெயரையோ நம்பரையோ கேட்பதும் கிடையாது. பொது நலத்துக்காக நடத்துகிறேன் என்று முகப்பிலேயே எழுதிவைத்தேன். என் மனைவி பள்ளிக்கூட ஆசிரியை. என் கட்டுரைகளுக்கு எழுத்துப்பிழை பார்த்துத் தருவது அவள்தான். பார்த்துக்கொண்டே ஒரு நாள் சொன்னாள்: “ஏங்க, போன வேணாம்னு எழுதறதுக்கு நீங்க போன்லயே கெடக்கறீங்களே.”

ஆராய்ச்சி என்றால் அப்படித்தான் என்று சொன்னேன்.

என் ஆய்வுக்கூடம் கடலூர்–சிதம்பரம் பஸ். புதிதாக ஏதாவது செயலி வந்தால் போனில் ஏற்றிக்கொண்டு, பஸ் புறப்படும்போது திறப்பேன். எந்த ஊரில் தலை நிமிர்கிறேனோ அந்த ஊர்தான் அதற்குத் தரம். ஆலப்பாக்கத்தில் நிமிர்ந்துவிட்டால் அது அப்பாவிச் செயலி. புதுச்சத்திரம் என்றால் கொஞ்சம் கவனம் தேவை. பி.முட்லூர் வரை இழுத்துவிட்டால் ஆபத்தானது. இதற்கெல்லாம் மேலே காட்டுமன்னார்கோயில் தரம் என்று ஒன்றை வைத்திருந்தேன், அந்தத் தரத்தை வாங்கியது இதுவரை ஒன்றே ஒன்றுதான். வெளியூர்க்காரர் ஒருவர், இந்த அளவுகோல் தனக்குப் புரியவில்லை என்று எழுதியிருந்தார். ஒரு முறை அந்த பஸ்ஸில் வந்து பாருங்கள் என்று பதில் போட்டேன்.

தளத்தில் எனக்கு ரொம்பப் பெருமையான பகுதி ‘வெளியேறும் வழி’. ஒவ்வொரு செயலியிலும் நம் கணக்கை அழிப்பது எப்படி என்று, திரைக்குத் திரை படம் எடுத்துப் போட்டு, தமிழில் விளக்கியிருப்பேன். உள்ளே சேர ஒரே ஒரு பொத்தான்தான் இருக்கும். வெளியே போகவோ ஏழு கதவைத் தாண்ட வேண்டும். போகாதே என்று கெஞ்சுவார்கள். உன் நண்பர்கள் தேடுவார்கள் என்பார்கள். எல்லாம் தாண்டி அழித்த பிறகும், முப்பது நாளைக்குள் திரும்பி வந்தால் அப்படியே வைத்திருக்கிறோம் என்பார்கள். அந்த முப்பது நாளை நான் கிழிகிழியென்று கிழித்திருந்தேன். கிளம்பின விருந்தாளியின் பையைப் பிடித்து வைத்துக்கொள்கிற வேலை இது என்று எழுதியிருந்தேன். சோதனைக்காகவே சில பொய்க் கணக்குகள் வைத்திருந்தேன். ஒன்றை அழிப்பேன், படம் எடுப்பேன், புதிதாக ஒன்று தொடங்குவேன்.

தளத்தில் நான் பார்க்கிற கணக்கு ஒன்றே ஒன்று: இந்த வாரம் எத்தனை பேர் வந்தார்கள் என்பது. முதல் வருஷம் ஐந்து பேர், ஆறு பேர். அப்புறம் திடீரென்று முப்பதைத் தாண்டியது. கல்யாண சீசனில் இன்னும் ஏறியது. கல்யாண வீட்டில் எல்லாரும் போனை நோண்டுவதைப் பார்த்து மனம் நொந்தவர்கள் என் தளத்தைத் தேடி வருகிறார்கள் என்று நானே ஒரு காரணம் கண்டுபிடித்துக்கொண்டேன். சிதம்பரத்தில் ஒரு கல்லூரியில் பேசக் கூப்பிட்டபோது, நம் மாவட்டத்து மக்கள் விழித்துக்கொண்டார்கள் என்று மேடையிலேயே சொன்னேன். கைதட்டினார்கள். முன்வரிசையில் இரண்டு பேர் போனைப் பார்த்துக்கொண்டே தட்டினார்கள்.

என் அக்கா சிதம்பரத்தில் இருக்கிறாள், எனக்கு ஆறு வயது மூத்தவள். கல்யாண ஜாக்கெட்டில் ஆரி ஒர்க் என்கிற கொக்கி ஊசி எம்பிராய்டரி செய்வதில் அவளை அடித்துக்கொள்ள ஆள் இல்லை. மாமா காட்டுமன்னார்கோயிலில் ஒரு ரைஸ்மில்லில் சூப்பர்வைசர். அவர் சம்பளம் வாடகைக்கும் சாப்பாட்டுக்கும் சரியாக இருந்தது. கோயம்புத்தூரில் படிக்கிற மகளின் படிப்பு அக்காவின் ஊசியில்தான் ஓடியது. கடை ஒரு சந்துக்குள் இருக்கிறது, அந்த வழியாக நடந்து போகிறவர்கள் கிடையாது. ஆனால் படங்கள் போடுகிற ஒரு செயலியில் அக்கா ஐந்து வருஷமாக ஒரு பக்கம் வைத்திருந்தாள். தைத்த ஜாக்கெட்டையெல்லாம் படம் எடுத்துப் போடுவாள். அதைப் பார்த்துப் புவனகிரியிலிருந்தும் சேத்தியாத்தோப்பிலிருந்தும் கல்யாணப் பெண்கள் வருவார்கள். அந்தப் பக்கம்தான் கடைக்கு வாசல் என்று சொல்ல வேண்டும். அதற்குக் கடவுச்சொல் வைத்ததுகூட மகள்தான். அக்காவுக்குத் திறக்கவும் படம் போடவும் பதில் எழுதவும் தெரியும், அது போதுமானதாக இருந்தது.

ஆனி மாதக் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அக்கா வீட்டுக்குச் சாப்பிடப் போனேன். அந்தச் செயலியில் அப்போதுதான் பொத்தான்களையெல்லாம் இடம் மாற்றியிருந்தார்கள். ‘வெளியேறும் வழி’யில் படங்களைப் புதுப்பிக்க வேண்டும். புதுச் செயலியை என் பழைய போன் ஏற்றுக்கொள்ளவில்லை. அக்காவிடம் போனைக் கேட்டேன். “எடுத்துக்கோ, படத்தையெல்லாம் அழிச்சிப்புடாத” என்றாள்.

அவள் போனில் என் பொய்க் கணக்கையும் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கினேன். நாலு திரை படம் எடுத்திருப்பேன். அக்கா சாப்பிடக் கூப்பிட்டாள். மீன் குழம்பு சாப்பிட்டுக் கை கழுவி வந்து பார்த்தால், திரை ஓரத்தில் ஒரு சிவப்புப் புள்ளி. தொட்டேன். சிவப்புப் புள்ளியைத் தொடாதீர்கள் என்று ஏழு கட்டுரை எழுதியவன், தொட்டேன். யாரோ ஏதோ ஜாக்கெட் விசாரித்திருந்தார்கள். அதை மூடிவிட்டு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன். அன்றைக்கு வேலை வழுவழுவென்று ஓடியது. கடவுச்சொல்லைக்கூட நான் அடிக்க வேண்டியிருக்கவில்லை, போனே நிரப்பிக்கொண்டது. கணக்கு அழிந்தது. வாசகர்களுக்கு நான் சொல்லும் கடைசி அறிவுரைப்படி, போனில் சேமித்திருந்த கடவுச்சொல்லையும் துடைத்தேன். எடுத்த படங்களை என் போனுக்கு அனுப்பிக்கொண்டு, அந்தச் செயலியிலிருந்தும் சுத்தமாக வெளியே வந்து, போனை அக்காவின் தலைமாட்டில் வைத்துவிட்டு பஸ் ஏறினேன். அவள் தூங்கிக்கொண்டிருந்தாள்.

மறுநாள் அச்சகத்தில் சாப்பாட்டு இடைவேளையில் படங்களை வெளியிட்டேன். தனிநபர் விவரம் தெரியக் கூடாது என்பது என் தளத்தின் கொள்கை. அதனால் படத்தில் பெயர் இருந்த இடத்தையும் முகப்புப் படத்தையும் மங்கலாக்கினேன். பெயரை மறைக்கிற மும்முரத்தில் அது யார் பெயர் என்று பார்க்கவில்லை. ‘முன்பைவிட இப்போது சுலபமாக்கியிருக்கிறார்கள், பாராட்டலாம்’ என்று ஒரு வரியும் சேர்த்தேன். நான் எந்த நிறுவனத்தையும் பாராட்டியது அதுதான் முதல் தடவை.

அந்த வாரமே வருகிறவர்கள் குறைந்தார்கள். முப்பது சொச்சம் பதினொன்றாகி, பதினொன்று மூன்றாகியது. தளம் பழுதாகிவிட்டதோ என்று பார்த்தேன், எல்லாம் சரியாக இருந்தது. அப்போதுதான் எனக்குப் பொறி தட்டியது: யார் கண்ணிலும் படாமல் நம்மை மறைக்கிறார்கள்! பெரிய நிறுவனங்கள் கடைசியில் நம்மைக் கவனித்துவிட்டன. உள்ளுக்குள் எனக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும். கடலூர் செம்மண்டலத்தில் வாடகை வீட்டில் இருந்துகொண்டு உலக நிறுவனங்களுக்குத் தலைவலி கொடுக்கிறோம் என்றால் சும்மாவா? ‘எங்களை மறைக்கிறார்கள்’ என்று தலைப்புப் போட்டு, பல்லைக் கடித்துக்கொண்டு ஒரு கட்டுரை எழுதினேன். மனைவி பிழை திருத்தித் தந்துவிட்டு, “அவுங்களுக்கு நம்பள தெரியுமாங்க?” என்று மட்டும் கேட்டாள். அந்தக் கட்டுரையை மூன்று பேர் படித்தார்கள்.

ஆடியில் கல்யாணம் கிடையாது. ஆனால் ஆவணிக் கல்யாணத்துக்குப் பத்திரிகை அடிப்பதும் ஜாக்கெட் தைக்கக் கொடுப்பதும் ஆடியில்தான். எங்களுக்கு மூச்சு விட நேரம் இருக்காது. ஒரு சனிக்கிழமை சிதம்பரத்தில் ஒரு வீட்டில் பத்திரிகைக் கட்டை இறக்கிவிட்டு, அப்படியே அக்கா கடைக்குப் போனேன். ஆடி மாதம் அக்கா கடை வாசலில் செருப்பு விட இடம் இருக்காது. அன்றைக்கு இரண்டே ஜோடிதான் கிடந்தது. ஒன்று அக்காவுடையது, இன்னொன்று ஜாக்கெட்டுக்கு ஊக்கு கட்ட வருகிற அம்மாவுடையது. துணி பூட்டாத ஆரி சட்டம் சுவரில் சாய்ந்திருந்தது.

“என்னாக்கா, கூட்டத்தையே காணோம்?”

“ஆடி தானடா. குந்து.”

“ஆடியில தான உனக்கு வேல ஜாஸ்தி?”

“இந்த வருஷம் முகூர்த்தம் கம்மி” என்றாள், மெஷினிலிருந்து தலையைத் தூக்காமல்.

ஆவணி முகூர்த்தத்துக்கென்று ஒரு மாதமாகப் பத்திரிகை அடித்து முதுகு ஒடிந்தவன் நான். முகூர்த்தம் பற்றி என்னிடம் பொய் சொல்ல முடியாது. “எந்தக் காலண்டர்ல கம்மி?” என்று கேட்டேன். அக்கா மெஷினை மிதித்தாள். ஊக்கு கட்டுகிற அம்மாதான் பொறுக்க முடியாமல் சொல்லிவிட்டார்.

“பேஜ தூக்கிட்டானுங்க தம்பி. ஒரு மாசமாப் போவுது. மூணு கல்யாணப் பொண்ணுங்க, கட மூடிட்டாங்கன்னு நெனச்சிக்கிட்டு வேற எடத்துக்குப் போயிட்டாங்க. முன்னாடி இங்க தச்ச ஒரு பொண்ணு நேர்ல வந்து கேட்டுச்சி, ‘நீங்க இன்னும் தைக்கிறீங்களா’ன்னு. உங்கக்கா அன்னிக்கிப் பூரா சாப்பிடல.”

அக்காவைப் பார்த்தேன். அவள் நூலை வெட்டினாள். “செல்லு கடைக்காரர் கிட்ட காமிச்சேன். ‘கம்பெனிக்காரங்களப் பத்தி ஏதோ தப்பா லிங்க் போட்டிருக்கீங்க, அதான் தூக்கிட்டான், ஒண்ணும் பண்ண முடியாது’ன்னுட்டாரு.”

“என்னா லிங்க்கு?”

“உன்னுதுதான். ஒவ்வொரு ஜாக்கெட்டு படத்துக்குக் கீழயும் நீ எழுதறத போடுவேன்.”

மாவட்டத்து மக்கள் விழித்துக்கொண்ட வழி இதுதானா? கல்யாண சீசனில் ஏன் ஏறியது என்பதும் அப்போதுதான் விளங்கியது. “அத ஏன்க்கா என் கிட்ட சொல்லல? பேஜு போனதயாவது சொல்லியிருக்கலாமே?” என்றேன்.

“சொன்னா, என்னால தான்னு நீ எழுதறத நிறுத்திடுவ. எனக்கு ஒரு சீசன் போனாப் போவுது. நல்ல விஷயம் எழுதற, எழுது.”

கண் கலங்கிவிட்டது. கூடவே கோபமும் வந்தது. பாவிகள், ஒரு தையல்காரியின் வயிற்றில் அடித்துவிட்டார்களே என்று கத்தினேன். அடுத்த கட்டுரையின் தலைப்புகூட மனதில் ஓடியது. கட்டுரைக்கு நாள் கிழமை வேண்டுமே என்று, “என்னிக்கிக்கா காணாமப் போச்சி?” என்று கேட்டேன்.

“நீ மீன் கொழம்பு சாப்பிட்டுப் போனியே, அந்த ஞாயித்துக்கெழம. தூங்கி எழுந்து பாத்தா இல்ல.”

போனை எடுத்து அன்றைக்கு எடுத்த படங்களைத் தேடினேன். தளத்தில் போட்டது மங்கலாக்கிய படம். மூலப்படம் என்னிடம் இருந்தது. முதல் நாலு படத்தில் என் பொய்க் கணக்கு. ஐந்தாவது படத்தில், கணக்கை அழிக்கவா என்று கேட்கிற திரையின் ஓரத்தில், பொடி வட்டத்துக்குள் மயில்கழுத்து நிறத்தில் ஒரு ஜாக்கெட். அக்கா தன் மகளின் பூப்பு நீராட்டுக்குத் தைத்தது. சிவப்புப் புள்ளியைத் தொட்டபோது நான் அக்காவின் கணக்குக்குள் போயிருக்கிறேன். போன் தானாக நிரப்பியது அக்காவின் கடவுச்சொல்லை. அதையும் துடைத்துவிட்டுத்தான் வந்திருக்கிறேன்.

“அக்கா” என்றேன். “அவுங்க யாரும் தூக்கலக்கா. நான் தான் அழிச்சேன்.”

மெஷின் நின்றது. படத்தைக் காட்டினேன். அக்கா போனை வாங்கிப் பார்த்தாள். பிறகு கழுத்தில் கிடந்த இஞ்ச் டேப்பை உருவி என் தோளில் ஒரு வீசு வீசினாள். வலிக்கவில்லை. வலித்திருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

“அடப்பாவி. ஒரு மாசமா யார் யாரையோ சபிச்சிக்கிட்டு இருந்தேனடா. எல்லாம் உனக்கா?”

ஒரு மாசம் என்று அவள் சொன்னதும்தான் எனக்கு உறைத்தது. படத்தில் இருந்த தேதியை வைத்து விரல்விட்டு எண்ணினேன். இருபத்தேழு நாள். மூன்று நாள் பாக்கி இருந்தது. நான் கிழிகிழியென்று கிழித்த அந்த முப்பது நாள்! விருந்தாளியின் பையை இன்னும் பிடித்துத்தான் வைத்திருந்தார்கள். எப்படித் திரும்பப் பெறுவது என்று அவசரமாக என் தளத்தையே திறந்து பார்த்தேன். வெளியே போகிற வழியைப் பதினான்கு படம் போட்டு விளக்கியிருந்தேன். திரும்பி வருகிற வழி பற்றி ஒரு வரி இல்லை. அப்படி ஒருவர் வர விரும்புவார் என்றே எனக்குத் தோன்றியிருக்கவில்லை.

மகளுக்குப் போன் செய்தால், ஐந்து வருஷத்துக்கு முன்னால் வைத்த கடவுச்சொல் அவளுக்கும் நினைவில்லை. தட்டுத்தடுமாறி, கடவுச்சொல் மறந்துவிட்டது என்ற இடத்தைத் தொட்டோம். ஒரு நம்பருக்கு ஆறு இலக்கம் அனுப்பியிருக்கிறோம் என்று காட்டியது. நம்பரின் கடைசி இரண்டு எண்ணைப் பார்த்ததும், “அது மாமா நம்பருடா” என்றாள் அக்கா. மாமா மில்லில் இருந்தார். மில் ஓடும்போது போன் அடித்தால் பக்கத்தில் நிற்கிறவருக்கே கேட்காது. நாலு தடவை அடித்தேன். அந்த எண் காலாவதியாகிவிட்டது, மறுபடி கேட்டு வாங்கினோம். அதுவும் போனது. ரொம்பத் தடவை முயற்சி செய்தால் பூட்டிவிடுவார்கள் என்று எனக்குத் தெரியும். அதைப் பற்றியும் நான் ஒரு கட்டுரை எழுதியிருக்கிறேன். அக்கா இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு என் விரலையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் வாழ்க்கையில் ஒரு திரையை அவ்வளவு பயத்தோடு நான் பார்த்ததில்லை.

டீ குடிக்க வெளியே வந்த மாமா தானாகவே கூப்பிட்டார். “என்னா மச்சான், இத்தினி போன்? வூட்டுல யாருக்காவது என்னாவது…?”

“ஒண்ணும் இல்ல மாமா. அங்கயே நில்லுங்க, மில்லுக்குள்ள போவாதீங்க. இப்ப ஒரு மெசேஜ் வரும், ஆறு நம்பர். படிச்சிச் சொல்லுங்க.”

“பேங்குன்னு சொல்லி எவனாவது கேட்டா குடுக்கக் கூடாதுன்னு நீதான எழுதியிருந்த?”

“நான் பேங்கு இல்ல மாமா, மச்சான்!”

“அது சரி. இரு, கண்ணாடி உள்ள இருக்குது.”

டீக்கடைக்காரர் படித்துச் சொன்னார். ஒவ்வொரு எண்ணாக அடித்தேன். திரை கொஞ்ச நேரம் சுற்றியது. மீண்டும் வரவேற்கிறோம், உங்களுக்காகத்தான் காத்திருந்தோம் என்று வந்தது. அந்த வாசகத்தைத் தேன் தடவிய தூண்டில் என்று எழுதியிருக்கிறேன். அன்றைக்கு அதை எழுதியவர் எதிரில் இருந்திருந்தால் காலில் விழுந்திருப்பேன். மயில்கழுத்து ஜாக்கெட் வந்தது. அதன் கீழே ஐந்து வருஷத்து ஜாக்கெட்டுகள் வரிசையாக வந்தன. அக்கா முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு மெஷினில் போய் உட்கார்ந்தாள்.

“எனக்குக் கையில வேல இருக்கு. யார் யாரு என்னா கேட்டிருக்காங்கன்னு படி” என்றாள்.

படித்தேன். அன்றைக்கு என் தண்டனை அதுதான். பக்கம் போகும்வரை வந்த செய்திகள் வரிசையில் இருந்தன. அளவு ஜாக்கெட் கொண்டு வரவா, பதினெட்டாம் தேதிக்குள் கிடைக்குமா, கழுத்து இன்னும் இறக்கம் வைக்க முடியுமா. நடுவில் ஒன்று வந்தது: “அக்கா, லிங்க்க தொட்டுட்டேன். என் ரோஸ் ஜாக்கெட்டுக்குக் குஞ்சம் வச்சிடுங்க.” கூடவே ஒரு படம். படத்தில் இருந்தது என் கட்டுரை. அதற்குக் கீழே இன்னொரு பெண்: “நானும் தொட்டுட்டேன் அக்கா, பச்சக் கலர் குஞ்சம்.” அதற்கும் ஒரு படம், அதிலும் என் கட்டுரை. பழைய செய்திகளைத் தள்ளத் தள்ள வந்துகொண்டே இருந்தது. எல்லாப் படத்திலும் கட்டுரையின் தலைப்பு மட்டும் தெரிந்தது. ஒருத்திகூட இரண்டாவது பத்திக்குப் போயிருக்கவில்லை.

“இது என்னாக்கா?”

அக்கா லேசாகச் சிரித்தாள். “உன் லிங்க்க தொட்டுட்டு படம் அனுப்பினா, முதுகுல கட்டற கயித்துக்குக் குஞ்சம் இலவசம்னு போட்டேன். இல்லன்னா யாருடா தொடுவா? நீ பாவம், அஞ்சு பேரு வந்தாங்க, ஆறு பேரு வந்தாங்கன்னு மூஞ்சத் தொங்கப் போட்டுக்கிட்டு வருவ.”

“இந்த யோசன உனக்கு எங்கேர்ந்து வந்துச்சி?”

“நீ தான எழுதியிருந்த. சின்னதா எதாவது குடுத்துக்கிட்டே இருந்தா ஜனம் திரும்பத் திரும்ப வரும்னு. ரெண்டு தடவ படிச்சேன்.”

“அக்கா, அது தப்புன்னு எழுதியிருந்தேன்.”

“கடைசில தான தப்புன்னு போட்டிருந்த. அதுவரைக்கும் நல்லா வெளக்கமா இருந்துச்சி.”

ஊக்கு கட்டுகிற அம்மா சிரித்து, ஊசியைத் தவறவிட்டார். நானும் சிரித்தேன். மேடையில் நான் சொல்லிக் கைதட்டல் வாங்கிய அந்த எண்ணிக்கை முழுவதும் அக்கா உட்கார்ந்து கையால் கட்டிய குஞ்சம். ஒரு தலைக்கு ஒரு ஜோடி. என்னை ஒருவரும் படிக்கவில்லை என்பது அவமானமாக இருந்தது. ஒருத்தி முழுவதும் படித்திருக்கிறாள், அதுவும் இரண்டு தடவை என்பது அதைவிடப் பெரிதாக இருந்தது. அதை அக்காவிடம் சொல்ல வெட்கமாக இருந்ததால், எத்தனை குஞ்சம் பாக்கி என்று கேட்டேன். பக்கம் போவதற்கு முன்னால் சொல்லிவைத்தவர்களுக்குப் பதினாறு ஜோடி கட்ட வேண்டும் என்றாள். பட்டு நூலை விரலில் சுற்றி, நடுவில் முடிச்சுப் போட்டு, நுனியை வெட்டச் சொல்லிக் கொடுத்தாள். நான் கட்டிய முதல் குஞ்சம் துடைப்பம் மாதிரி இருந்தது. பிரித்து மறுபடி கட்ட வைத்தாள். இருட்டுவதற்குள் ஐந்து ஜோடி முடித்தேன்.

போன மூன்று கல்யாணப் பெண்களும் திரும்பி வரவில்லை. அந்தக் கணக்கு என் பெயரில்தான் இருக்கிறது. மற்றவர்கள் ஒவ்வொருவராக வரத் தொடங்கினார்கள். கிளம்பும்போது, இனிமேல் என் லிங்க்கைப் போட வேண்டாம், குஞ்சமும் வேண்டாம் என்று அக்காவிடம் சொன்னேன்.

“ஒருத்தரும் வர மாட்டாங்கடா.”

“வரலன்னா பரவால்லக்கா.”

‘எங்களை மறைக்கிறார்கள்’ கட்டுரையை எடுத்துவிட்டேன். நடந்ததை நடந்தபடி எழுதினேன். எடுத்த எடுப்பில் என் வருத்தத்தைக் கொட்டியிருந்தேன். வரைவைப் படித்த அக்கா, “உன் பொலம்பல அப்பறம் வச்சிக்கோ. முப்பது நாளைக்குள்ள திரும்ப வரலாம், எப்படி வரணுங்கறத மொதல்ல போடு. அதத் தெரிஞ்சிக்கத் தான் ஜனம் வரும்” என்றாள். அப்படியே மாற்றி, ‘திரும்பி வரும் வழி’ என்று தலைப்புப் போட்டு வெளியிட்டேன்.

மறுநாள் தளத்துக்கு வந்தவர்கள் நாலு பேர். ஒருவர் என் மனைவி, எழுத்துப்பிழை மிச்சம் இருக்கிறதா என்று பார்த்தவள். ஒருவர் அக்கா, காலையிலேயே போன் செய்து இரண்டு இடத்தில் புரியவில்லை என்றாள். மற்ற இரண்டு பேர் யார் என்று எனக்குத் தெரியாது. அவர்கள் குஞ்சம் கேட்கவில்லை.